முகத்துவாரத்துப் பிறை

கொழும்பில் இருந்த முஸ்லிம்கள் அத்தனை பேரும் பிறை தெரிய வேண்டும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில், மேகம் மூடிக்கொள்ள வேண்டும் என்று வேண்டிய ஒரே பையன் நானாகத்தான் இருப்பேன்.

முகத்துவாரத்துக் கடற்கரை. வலையும் கருவாடும் சேர்ந்த வாடை. இருபத்தொன்பதாம் நோன்பை அப்போதுதான் திறந்திருந்தோம். வாயில் பேரீச்சம்பழத்தின் இனிப்பு இன்னும் கரையவில்லை. பள்ளிவாசலிலிருந்து வந்த பெரியவர்கள், கடைக்காரர்கள், சிறுவர்கள் எல்லாரும் மேற்கே பார்த்து வரிசையாக நின்றார்கள். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. அவ்வளவுதான் மற்றவர்களுக்கு.

எனக்கு அவ்வளவோடு முடியவில்லை. பிறை தெரிந்தால் என் படிப்பு முடிந்தது.

அது எப்படி என்று சொல்வதற்கு, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கண் இமையே கடவுச்சீட்டு

என் பேரன் வெளிநாட்டில் படிக்கப் போகிறான். விசா, வைத்தியப் பரிசோதனை, வங்கிக் கடிதம் என்று வீட்டில் ஒரே அமளி. "நீங்களும் வெளிநாட்டில் படித்தவர்தானே தாத்தா, உங்களுக்கு என்னென்ன கேட்டார்கள்?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் காயல்பட்டினத்துப் பையன். தூத்துக்குடியில் கப்பல் ஏறி, இரவெல்லாம் வாந்தி எடுத்து, விடிந்ததும் கொழும்பில் இறங்கினேன். ஒரு டாக்டர் என் கண் இமையைப் புரட்டிப் பார்த்தார். கையில் அம்மை குத்திய தழும்பைத் தடவிப் பார்த்தார். "போ" என்றார். என் விசா அதுதான்.

அங்கேயும் வெள்ளைக்காரன், இங்கேயும் வெள்ளைக்காரன். நடுவில் ஒரு கடல். ஆனாலும் அது வெளிநாடுதான் என்பதைக் கொட்டாஞ்சேனைச் சர்க்கார் பள்ளிக்கூடம் முதல் நாளே எனக்குக் காட்டிக்கொடுத்தது. வாத்தியார் பெயர் கூப்பிட்டபோது எங்கள் ஊர் வழக்கப்படி எழுந்து நின்று, கைகட்டி, "ஆஜர் ஐயா" என்றேன். வகுப்பே சிரித்தது. இங்கே உட்கார்ந்தபடியே "சேர்", அதாவது நம் ஊர்ச் "சார்", என்றால் போதுமாம். அன்று முதல் நான் சம்மாங்காரன். இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம்களுக்குக் கொழும்பில் அதுதான் பெயர். ஆத்திரமாக வரும். ஆனால் அதே பையன்கள் மாங்காயை உப்புத் தூளில் தோய்த்துப் பாதி கடித்து எனக்கும் நீட்டுவார்கள். எப்படிக் கோபித்துக்கொள்வது?

வாப்பாவுக்குக் கல் வியாபாரம். இரத்தினக் கற்களைத்தான் எங்கள் ஆட்கள் வெறுமனே கல் என்பார்கள். கடைக்கு மேலே எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் சேர்ந்து தங்கியிருந்தார்கள். கீழே கடை, பின்னால் சரக்கு வைக்கும் கிட்டங்கி, மாடியில் வரிசையாகப் பாய்கள். பெண்கள் ஒருவரும் கிடையாது. பெண்களும் பிள்ளைகளும் ஊரில், ஆண்கள் கொழும்பில். தலைமுறை தலைமுறையாக அதுதான் ஏற்பாடு. பையனுக்கு மீசை அரும்பும் முன்பே கப்பல் ஏற்றிவிடுவார்கள். அவன் கடையில் உட்கார்ந்து சிறு குறட்டால் கல்லைப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கப் பழகுவான். அப்படியே முதலாளி ஆவான்.

என் விஷயத்தில் உம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "இவன் இங்கிலீஷ் படிக்கணும். இல்லாட்டி நான் கப்பல் ஏத்த விட மாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். வாப்பா உம்மாவிடம் தோற்றதாக அன்றுவரை சரித்திரம் இல்லை. அன்று தோற்றார். முழுவதும் அல்ல, பாதி. ஒரு தடவை பரீட்சை எழுதலாம். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் கடை. ஒரே ஒரு தடவை.

வாப்பாவின் கூட்டாளியான ஹாஜியாருக்கு அந்த ஒரு தடவையும் வீண் வேலையாகத் தோன்றியது. எனக்காகக் கடையில் ஒரு முக்காலி கூடச் செய்து வைத்திருந்தார். வார்னிஷ் வாடை போகாத முக்காலி. அதைக் கடக்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

வெள்ளவத்தை மாஸ்டர்

பள்ளிக்கூடம் விட்டதும் கோட்டையில் ரயில் ஏறி வெள்ளவத்தைக்குப் போவேன். வலது பக்க ஜன்னலில் இடம் பிடித்தால் வழியெல்லாம் கடல். அலை பெரிதாக அடிக்கும் காலத்தில் முகத்தில் தூறல் விழும். இந்தக் கடலின் அந்தப் பக்கத்தில் உம்மா நிற்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு பூமி சாஸ்திரம் படித்தபோதுதான், அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே இருப்பது ஆப்பிரிக்கா என்று தெரிந்தது. இத்தனை நாள் யாரைப் பார்த்துக் கண்கலங்கினேனோ!

அங்கே எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த பொன்னையா மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கச்சேரி என்கிற சர்க்கார் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ரயில் பாதையோரம் ஒரு சிறு வீட்டில் இருந்தார். ரயில் போகும்போதெல்லாம் பாடத்தை நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட சொல்லிலிருந்தே தொடங்குவார். சின்னப் பையனான என்னையும் மரியாதையாகத்தான் பேசுவார். நோன்பு மாதத்தில் நான் போனால் அவர் வீட்டில் தேநீர்கூட என் கண்ணில் படாது. கேட்டால் "எனக்கும் இப்ப தேத்தண்ணி விருப்பமில்லை" என்பார். நான் தெருமுனை திரும்பிய பிறகு குடிப்பாராக இருக்கும்.

பரீட்சை சனிக்கிழமை காலை என்று தெரிந்த அன்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"என்ன, ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்?"

"சனிக்கிழமை பெருநாளா இருந்தாலும் இருக்கும் மாஸ்டர்."

அவர் எழுந்து சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். "ஞாயிற்றுக்கிழமை எண்டெல்லோ போட்டிருக்கு. பள்ளிக்கூடத்தாரும் இதைப் பாத்துத்தான் வைச்சிருப்பினம்."

"கலண்டர் எங்களுக்குச் செல்லாது மாஸ்டர். கண்ணால பார்க்கணும். வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சு மகரிபு நேரத்தில பிறை தெரிஞ்சா சனிக்கிழமை பெருநாள்."

மாஸ்டர் சிரித்துவிட்டார். "எங்கட ஆக்கள் ரெண்டு பஞ்சாங்கத்தை வைச்சு அடிபடுகினம். உங்கட ஆக்கள் பஞ்சாங்கமே இல்லாமல் அடிபடுகிறீங்கள்" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு அடுத்த நாளே அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போய் நாளை மாற்றக் கேட்டும் பார்த்தார். முடியாது என்றுவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு பரீட்சைதான்.

வாப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால்கூட நான் அழுதிருக்கலாம். "பெருநாள்னா தொழுகை இருக்கு. தொழுதிட்டு எல்லாரும் ஹாஜியார் வீட்டுக்குப் போய் சலாம் சொல்லணும். பிள்ளையை எங்கேன்னு கேட்டா, பரீட்சை எழுதப் போயிருக்கான்னு சொல்லுவேனா? பிறை தெரிஞ்சா அது அல்லாவோட தீர்ப்பு. நீ கடைக்கு வந்துரு" என்றார்.

நானும் வாதாடவில்லை. பெருநாள் தொழுகையை விட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போக எனக்கே மனம் வந்திருக்காது. அதனால்தான் மேகத்தை நம்பினேன்.

மூன்று பேர் பார்த்தோம்

மேகமும் என்னைக் கைவிடவில்லை. மேற்கே சூரியன் இறங்கிய இடத்தில் சாம்பல் நிறத்தில் நன்றாகக் கவிந்து நின்றது. கூட்டத்தில் பெருமூச்சுகள். "இன்னைக்கு இல்லை" என்று யாரோ சொன்னார். செருப்புகளைத் தேடி ஒவ்வொருவராகத் திரும்ப ஆரம்பித்தார்கள். எனக்கு உள்ளே குளிர்ந்தது. ஹாஜியாரின் முக்காலி கண்ணிலிருந்து மெல்ல மறைந்தது.

பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட தோணி மீது உட்கார்ந்து ஒரு சிங்கள மீனவர் வலை தைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் சிலுவை. அவர் ஊசியை வைத்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

"அர பலபன் மல்லி, ஹந்த!"

அங்கே பார் தம்பி, நிலா என்கிறார். அவர் விரல் நீண்ட இடத்தில் மேகம் ஒரு சாண் அளவு விலகியிருந்தது. அந்த இடுக்கில், நகத்தை வெட்டிப் போட்டது போல, அத்தனை மெல்லிசாகப் பிறை.

அவர் எங்களுக்கு உதவுவதாகத்தான் நினைத்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். எல்லார் முதுகும் கடலுக்கு. வாப்பா குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மேகம் மறுபடி நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று தடவை மூச்சு விடும் நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், யாருக்கும் தெரியாது.

எனக்கு என்ன தோன்றியது என்று இப்போது அழகாக ஏதாவது எழுதலாம். உண்மையில் ஒன்றும் தோன்றவில்லை. பிறை தெரிந்தால் சத்தம் போட வேண்டும் என்று பால் குடிக்கும் வயதிலிருந்து பழகிய வாய். அது என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"வாப்பா! அங்கே! பிறை!"

வாப்பா ஒற்றைச் செருப்போடு நிமிர்ந்தார். பார்த்தார். "அல்லாஹு அக்பர்" என்றார். மற்றவர்கள் திரும்புவதற்குள் மேகம் கதவைச் சாத்திவிட்டது.

சொன்ன பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. வாப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

கொம்பு எந்தப் பக்கம்?

பள்ளிவாசலில் நிற்க இடமில்லை. பிறையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டிய மார்க்க அறிஞர் ஆலிம்சா கொழும்பு ஊர்க்காரர், மெலிந்த மனிதர், குரல் மட்டும் கணீரென்று இருக்கும். வாப்பாவை முன்னால் உட்காரவைத்துக் கேட்டார்.

"உங்கட கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேன் ஆலிம்சா."

"கொம்பு ரெண்டும் எந்தப் பக்கம் ஈந்திச்சு?"

"மேல் பக்கம். தோணி மிதக்கிற மாதிரி."

ஆலிம்சா தலையாட்டினார். "வேற ஆரு பாத்த?"

வாப்பா என்னைக் காட்டினார். ஆலிம்சா என் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது சின்னப் புள்ளை. சாட்சி எடுக்க ஏலாது. வேற?"

"ஒரு மீன்காரர்" என்று நான் முனகினேன். "கழுத்தில சிலுவை போட்டிருந்தார்."

கூட்டம் சிரித்தது. ஆலிம்சாவும் சிரித்தார். பெருநாள் பிறைக்கு வயதுவந்த முஸ்லிம்கள் இருவர் சாட்சி சொல்ல வேண்டும். மூன்று பேர் பார்த்தோம். கணக்கில் ஒருவர்தான் தேறினார்.

எனக்குள் எதுவோ மெல்லத் துளிர்த்தது. அந்த நேரம் பார்த்துப் பின்வரிசையிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் எழுந்தார். "நானும் பாத்த மாதிரித்தான்" என்றார். கூட்டம் ஆவலோடு அவருக்கு வழிவிட்டது. எல்லாருக்கும் பெருநாள் வேண்டும். பாயாசத்துக்குப் பால்கூடச் சொல்லி வைத்திருந்தார்கள்.

"பாத்த மாதிரியா, பாத்ததா?" என்றார் ஆலிம்சா.

"பாத்தேன். வெள்ளையா ஈந்திச்சு."

"கொம்பு?"

அவர் வாப்பா சொன்னதைக் கேட்காத தூரத்தில் இருந்திருக்க வேண்டும். இரண்டு கையையும் தூக்கி, குடை பிடித்தது போலக் கவிழ்த்துக் காட்டினார்.

ஆலிம்சா அவரை அருகே அழைத்தார். பிறகு அவர் தோளில் கையை வைத்து, "நீங்க மேகத்தப் பாத்தீங்க. உக்காருங்க" என்றார். வேறு பள்ளிவாசல்களிலிருந்தும் செய்தி வரவில்லை. நாளைக்கும் நோன்பு என்று அறிவித்துவிட்டார்கள். எல்லாரும் முகம் வாடிக் கலைந்தார்கள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெருநாள் தள்ளிப்போனதற்காக அத்தனை சந்தோஷப்பட்டவன் கொழும்பில் வேறு எவனும் இருந்திருக்க மாட்டான்.

புறப்படும்போது ஆலிம்சா வாப்பாவைத் தூணோரம் அழைத்தார். நான் கேட்க நின்றதை அவர் பொருட்படுத்தவில்லை.

"ஊருக்கு நாளைக்கு நோன்புதான். ஆனா நீங்க கண்ணால கண்டவர். உங்களுக்கு நாளைக்கு நோன்பு பிடிக்க ஏலாது, ஹராம். உங்களுக்குப் பெருநாள். மறைவாத் திண்டு கொள்ளுங்க. ஒருத்தருக்கும் காட்ட வாணாம், ஊர் குழம்பும்."

"இவனுக்கு?"

ஆலிம்சா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "முதல்ல கண்டதே இவன்தானே."

உள்ளே புதுச் சட்டை

விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எல்லாரோடும் உட்கார்ந்தோம். அதில் பொய் ஒன்றும் இல்லை, சாப்பாடு சாப்பாடுதான். வெயில் ஏறி, மற்றவர்கள் கடை திறக்கக் கீழே போனதும், வாப்பா என்னைக் கிட்டங்கிக்குள் கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டார்.

இரண்டு பேரும் தொழுதோம். பள்ளிவாசலே அதிரச் சொல்ல வேண்டிய "அல்லாஹு அக்பர்" தக்பீரை வாப்பா காதோடு காதாகச் சொன்னார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, சாக்கு வாடையில், இரண்டே பேருக்கு ஒரு பெருநாள். முடிந்ததும் உம்மா கொடுத்தனுப்பிய தகரத்தைத் திறந்தார். எங்கள் ஊர்ப் பெருநாள் பலகாரமான ஓட்டுமா, இனிப்பு மா. வாயில் போட்டால் கரைந்து ஊருக்கே கொண்டுபோய்விடும். இருமல் வந்தால் கடையில் கேட்குமே என்று தண்ணீர் குடித்துக் குடித்துத் தின்றோம்.

"நேத்து நீ சும்மா இருந்திருக்கலாமே. ஏன் சொன்னே?" என்றார் வாப்பா.

"தெரிஞ்சுதே வாப்பா."

அவர் எழுந்து போய் மூலையிலிருந்த பெட்டியைத் திறந்தார். பெருநாளுக்குத் தைத்த சட்டையை எடுத்து வந்தார். "பெருநாளைக்குப் புதுசு உடுத்தணும். மேலே பழசைப் போட்டுக்கோ, தெரியாது." அப்படியே போட்டுக்கொண்டேன். கொழும்பு வெக்கையில் இரட்டைச் சட்டை!

பரீட்சைக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூட வாசலில், எனக்காக இறைவனிடம் வேண்டித் துஆ ஓத அவர் குனிந்தபோதுதான் கவனித்தேன். சற்றுத் தள்ளி எங்கள் தெரு ஆட்கள் இரண்டு பேர் நோன்புக் களையோடு வந்துகொண்டிருந்தார்கள்.

"வாப்பா, தாடியில் மா!"

அவர் பதறித் துடைத்தார். துடைத்தது மீசைக்குப் போயிற்று. நான் எட்டி என் பழைய சட்டையின் கைமுனையால் துடைத்துவிட்டேன். அவர் சிரித்தார். கடையிலும் மாடியிலும் நான் பார்த்திராத சிரிப்பு. உள்ளே போகும்போது எனக்குப் பயமே இல்லை. கேள்வித்தாளில் பாதி தெரிந்தது; மீதியை மாஸ்டர் சொன்னபடி தைரியமாக எழுதினேன். மை வழிந்ததைவிட வியர்வைதான் அதிகம் வழிந்தது.

வெளியே வந்தபோது வாப்பா அதே இடத்தில், அதே மரத்தடியில் நின்றார். பரீட்சை எப்படி என்று கேட்கவில்லை. "சட்டை நனைஞ்சிட்டுதே. நாளைக்குள்ள காயுமா?" என்று கேட்டார்.

காய்ந்தது. மறுநாள் ஊருக்கெல்லாம் பெருநாள். தொழுகை முடிந்து ஹாஜியார் வீட்டில் எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் கூடினார்கள். அத்தர் வாசமும், தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த வட்டிலப்ப வாசமும் கலந்து கிடந்தது. நான் குனிந்து சலாம் சொன்னபோது ஹாஜியார் என் கன்னத்தைக் கிள்ளினார்.

"என்ன, எழுதிட்டானாமே? தேறாட்டி மறுநாளே கடைக்கு அனுப்பிருங்கோ. முக்காலி காத்துக்கிட்டு இருக்கு."

எல்லாரும் வாப்பாவைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை என்பது அவர் வாயால் சொன்ன சொல்; அவர் சொல் மாறாதவர் என்பது கல் வியாபாரம் அறிந்த உண்மை.

வாப்பா வட்டிலப்பக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தாடியைத் தடவிக்கொண்டார்.

"அந்த முக்காலிக்கு வேற ஆளைப் பாருங்கோ ஹாஜியார்" என்றார். "இவன் தேறாட்டி அடுத்த வருஷமும் எழுதுவான்."